‘மஃரூஃப்’ என்னும் சொல்லும் மறைந்துவரும் மரங்களும்

அரபு அகராதிகளைப் புரட்டிப் பழகியோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். மரம், செடி, பறவை, மீன் ஆகியவற்றின் பெயருக்குப் பொருள் தேடிச் சென்றால், பல இடங்களில் அகராதியாசிரியர் ‘மஃரூஃப்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வார். ‘அறியப்பட்டது’, ‘யாவரும் அறிந்ததே’ என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 817இல் மறைந்த மஜ்துத்தீன் ஃபைரோஸாபாதீ அவர்கள் தமது ‘அல்காமூஸுல் முஹீத்’ என்னும் பேரகராதியில் அச்சொல்லைக்கூட முழுமையாக எழுதவில்லை. ‘மீம்’ என்ற ஓர் எழுத்தைக் குறியீடாக இட்டு, அதற்கு ‘மஃரூஃப்’ என்பதே பொருள் என முன்னுரையில் சொல்லிவிட்டார்.

இதனைக் குறை என்று எவரும் அன்று கருதியதில்லை. அகராதியாசிரியர் தம் வாசகரின் அன்றாட வாழ்வை நம்பினார். வாசலில் நிற்கும் மரத்துக்கும் அடுப்பங்கரையில் உலரும் கீரைக்கும் விளக்கம் எதற்கு? சொல்லின் பொருளை நூல் பாதி சொல்லும். மீதியை வாசகரின் கையும் கண்ணும் நாவும் சொல்லிக்கொள்ளும். இதுவே அந்த ‘மீம்’ என்னும் எழுத்துக்குள் பொதிந்துள்ள உடன்பாடு.

அந்த உடன்பாடு இன்று முறிந்துள்ளது என்பதும், அம்முறிவு பள்ளிக்கூடங்களிலோ நூல்களிலோ நேராமல் நம் இல்லங்களின் அன்றாடப் பழக்கங்களில் நேர்ந்தது என்பதும் இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்துகளாகும். ‘சூழலியல் அறிவு’, ‘இயற்கைக் கல்வி’ என்று இன்று பலவாறாகப் பேசப்படும் பொருளை இக்கோணத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும் என நாம் கருதுகிறோம்.

முதற்கண் ஒரு நபிமொழியை நோக்குவோம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இடம்பெற்றுள்ள செய்தி இது. மர்ருழ் ழஹ்ரான் என்னும் இடத்தில் நபித்தோழர்கள் ‘கபாஸ்’ என்னும் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்தனர். கபாஸ் என்பது ‘அராக்’ மரத்தின் பழம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், கறுத்த பழங்களைப் பார்த்துப் பறியுங்கள், அவையே சுவை மிக்கவை என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். அதைக் கேட்ட தோழர்கள் வினவிய வினாவே இங்கு நம் கவனத்துக்குரியது. தாங்கள் ஆடு மேய்த்ததுண்டோ என்று அவர்கள் கேட்டனர். ஆடு மேய்க்காத நபி எவரும் உண்டோ என்னும் பொருளில் விடை வந்தது.

பழத்தைப் பற்றிய ஒரு சொல்லுக்கு, தொழிலைப் பற்றிய ஒரு வினா எவ்வாறு மறுமொழியாயிற்று? விரிவுரையாளர்கள் இதனை அழகாக விளக்குகின்றனர். மேய்ச்சலுக்கும் நிழலுக்கும் மரத்தடிகளை நாடித் திரிபவர் இடையரே. ஆகவே எந்தப் பழம் எப்போது கனியும் என்னும் நுட்பம் அவருக்கே தெரியும். அந்த அறிவைக் கேட்டவுடனே அதற்குப் பின்னால் எந்தப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று தோழர்கள் உய்த்துணர்ந்தனர். இயற்கையறிவு வாழ்க்கை முறையின் விளைச்சல் என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சான்று ஒன்றை நாம் கண்டதில்லை.

அரபு மொழியியல் வரலாறு முழுவதும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். பஸ்ராவும் கூஃபாவும் கல்வியில் ஓங்கி நின்ற காலத்தில் அந்நகரத்துப் பேரறிஞர்கள் சொற்களைத் தேடி எங்கே சென்றனர்? எழுதப் படிக்கத் தெரியாத பாலைநில மக்களிடம் சென்றனர். இலக்கணப் பேராசான் கலீல் இப்னு அஹ்மத் அவர்களிடம், தங்கள் அறிவை எங்கிருந்து பெற்றீர்கள் என்று கிஸாயீ அவர்கள் கேட்க, ஹிஜாஸ், நஜ்த், திஹாமா ஆகிய நிலங்களின் பாலைவெளிகளிலிருந்து என்று அவர் கூறியதாகவும், கிஸாயீ அவர்களும் அவ்வாறே புறப்பட்டுப் பதினைந்து குப்பி மை தீரும்வரை எழுதித் திரும்பியதாகவும் வரலாற்று நூல்கள் கூறும். அஸ்மயீ அவர்கள் ஒட்டகம், குதிரை, செடிகொடி ஆகியவற்றின் பெயர்களைத் தனித்தனி நூல்களாகத் தொகுத்தார். கி.பி. 895இல் மறைந்த அபூ ஹனீஃபா தீனவரீ அவர்கள் ‘கிதாபுந் நபாத்’ என்னும் தாவர நூலைப் பல பாகங்களாக இயற்றினார். சட்டமேதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் வேறு, இவர் வேறு. அந்நூலின் சில பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன.

நகரத்தார் அறிவில் குறைந்தவரல்லர். ஆயினும், அங்காடியில் வாங்கி உண்பவர்க்கு ஒரு செடியின் முளைப்பருவப் பெயரும் பூப்பருவப் பெயரும் எதற்காகும்? பயன்படாத சொல் நாவினின்று நழுவும். சொல் நழுவியபின் அது குறித்த பொருளும் கண்ணுக்குத் தென்படாமற் போகும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நகர வாழ்க்கை இதனைச் செய்துகாட்டிவிட்டது. அன்றைய அறிஞர்கள் அதனை உணர்ந்து, சொல் வழக்கொழியுமுன் ஓடிச்சென்று தொகுத்தனர். அந்தப் பதற்றமே அவர்களுடைய நூல்களுக்கு உயிர்.

இனி அந்த அராக் மரத்தையே சற்று நின்று நோக்குவோம். மிஸ்வாக் குச்சி அதிலிருந்து பெறப்படுவது என்பதை நம்மில் அறியாதார் இலர். அகராதிகளும் ‘பல் துலக்கப் பயன்படும் மரம்’ என்றே கூறும். ஆனால் அவற்றுள் சில, ‘ஹம்ள்’ வகையைச் சேர்ந்த மரம் என்ற ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கும். ஹம்ள் என்றவுடன் ‘புளிப்பு’ என்று பொருள் எழுதிவிட்டு மேற்செல்லும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம். அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு என்பது மெய். ஆயினும் பாலைநிலத்து இடையர் மேய்ச்சல் தாவரங்களை இரண்டாகப் பகுத்தனர். உவர்ப்புச் சுவையுடையவை ஹம்ள், உவர்ப்பில்லாதவை ‘குல்லா’. குல்லா ஒட்டகத்துக்கு ரொட்டி, ஹம்ள் அதற்குப் பழம் என்பது அவர்களிடையே வழங்கிய சொல்வழக்கு. ஆக, ஹம்ள் என்ற ஒரு சொல்லுக்குள் மரத்தின் சுவை, அது வளரும் மண்ணின் உப்புத்தன்மை, அதை நாடும் விலங்கின் தேவை ஆகிய மூன்றும் அடங்கிக் கிடக்கின்றன. அதனைப் ‘புளிப்பு’ எனப் பெயர்த்தவர் ஒரு சொல்லைத் தவறவிட்டதோடு நிற்கவில்லை. ஒரு நிலத்தையே தவறவிட்டுவிட்டார்.

அராக் நமக்கு அயல்நாட்டு மரமும் அன்று. தமிழில் அதற்கு ‘உகா’ என்று பெயர். ‘உகாய்’ என்றும் வழங்குவர். தாவரவியலார் ‘சால்வடோரா பெர்சிக்கா’ என்பர். உவர் மண்ணைத் தாங்கி வளரும் இயல்பினது ஆகையால், கோடிக்கரை முதல் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரம் வரை அது இன்றும் காணப்படுகிறது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் இம்மரத்தைப் பாடும்போது, அதன் அடிமரத்துக்குப் புறாவின் முதுகையும், செறிந்த சிறு கனிகளுக்கு இறாலின் முட்டைத் திரளையும் உவமையாகக் காட்டுகிறார். இறாலை ஆய்ந்து சமைக்கும் கடற்கரை வீட்டார்க்கு அவ்வுவமை உரையின்றியே விளங்கும். பாலைநிலத்து மரத்தை நெய்தல்நிலத்து உணவால் விளக்கிய அப்புலவர்க்கு இரண்டு நிலங்களும் பழக்கத்தால் தெரிந்திருந்தன எனலாம்.

இவ்வளவும் நம் மண்ணிலும் நம் மொழியிலும் இருக்க, இன்றைய நிலை என்ன? மிஸ்வாக், நெகிழி உறையில் அடைக்கப்பட்டு அயல்நாட்டிலிருந்து வருகிறது. அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் இளைஞர், தம் ஊர்ப் புறத்தே நிற்கும் உகாப் புதரை முள்வேலியென எண்ணிக் கடந்து செல்கிறார். ஸுன்னத் பேணப்படுகிறது, அது போற்றற்குரியதே. ஆனால் அந்த ஸுன்னத்தோடு கூடவே கைமாறி வந்திருக்க வேண்டிய மரத்தின் அறிமுகம் உறையோடு கழன்று குப்பைக்குப் போய்விட்டது. பழக்கம் நிலைத்திருந்தும் அறிவு மறைந்ததற்கு இது சான்று. ஆகவே பழக்கம் என்று பொதுவாகச் சொல்வது போதாது. பொருளைத் தோற்றுவாயிலிருந்து நம் கை வரைக்கும் காட்டும் பழக்கமா, தோற்றுவாயை மறைக்கும் பழக்கமா என்றே வினவ வேண்டும்.

இதற்கு மாறான சான்று ஒன்றும் நம்மிடையே உண்டு. ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரில் ‘ஸித்ர்’ இலையைச் சேர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் முன்னோர் அதனை இலந்தை எனக் கண்டு, இலந்தை இலையைப் பயன்படுத்தினர். அரபு நாட்டு ஸித்ரும் நம் இலந்தையும் முற்றும் ஒன்றல்ல எனினும் ஒரே இனத்து உறவு மரங்களே. இலையைக் கசக்கி நீரில் இட்டால் நுரை எழும், அழுக்கு நீங்கும். இன்றும் நம் ஊர்களில், மையித்து வீட்டில் ஒருவர் சொன்னவுடன் இருவர் எழுந்துபோய் இலந்தை இலை பறித்து வருகின்றனர். எந்தத் தோட்டத்தில் அம்மரம் நிற்கிறது, எந்தக் கிளையில் முள் குறைவு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஸித்ர் என்ற சொல்லை அகராதியில் பார்க்காதவர்களும் அதன் பொருளை அறிந்திருக்கின்றனர். அங்கே அது மெய்யாகவே ‘மஃரூஃப்’. அம்மரம் வெட்டப்பட்டால் ஊரில் நாலு பேராவது கேள்வி கேட்பர். உகா வெட்டப்பட்டால் கேட்பார் யார்? இயற்கையறிவின் நடைமுறைப் பயன் இங்குதான் இருக்கிறது. பெயர் தெரியாத மரத்துக்காக எவரும் வழக்காட முன்வருவதில்லை.

இவ்விரு மரங்களுக்கும் இடையே மருதாணி நிற்கிறது. இலை பறித்து, அம்மியில் அரைத்து, இரவெல்லாம் கையில் வைத்திருந்த வழக்கத்தால் அச்செடி வீட்டுக் கொல்லையில் இடம்பெற்றிருந்தது. இன்று கடையில் குழல் வடிவப் பொதியாகக் கிடைக்கிறது. ‘கறுப்பு மருதாணி’ என விற்கப்படுவனவற்றில் கலக்கப்படும் சாய இரசாயனத்தால் தோல் வெந்துபோன பெண்மக்கள் பலர். மருதாணி இலை கறுப்பாகச் சிவக்காது என்பது இலையை அரைத்த பாட்டிக்குத் தெரியும். அந்த ஒரு துளி அறிவு இருந்தால் பேத்தி அப்பொதியைக் கையாலும் தொட்டிருக்க மாட்டாள்.

நீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் வுளூச் செய்தார்கள், ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் கூறுவதை ஹதீஸ் பாடத்தில் ஓதாதார் இலர். ஷாபிஈ மத்ஹபுக் கணக்கின்படி ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் ஊற்றும் குழாயைத் திறந்துவைத்து இரண்டு நிமிடம் வுளூச் செய்பவர் பத்துக்கு மேற்பட்ட முத்துகளைச் செலவிடுகிறார். ஹதீஸை அறிந்தவரும் இதையே செய்கிறார். அறியாதவரும் இதையே செய்கிறார். அறிவுக்கும் செயலுக்கும் இடையே குழாய் நிற்கிறது.

பள்ளிவாசல் ஹவுளில் அமர்ந்து கையால் நீர் மொண்ட காலத்தில் நிலைமை வேறு. சித்திரை மாதத்தில் நீர் ஒரு படி கீழிறங்கியது கண்ணுக்குத் தெரியும்; ஐப்பசியில் மேலேறியது தெரியும். நீரில் மீன்கள் உலவும். நீர் கெட்டால் மீன் சொல்லிவிடும். ஊர்க் கிணற்றின் உடல்நிலையை நாளொன்றுக்கு ஐந்து வேளை ஊரார் பார்த்துவந்தனர். நீரின் நிறம், மணம், சுவை மாறியதா என்று ஆராயும்படி ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடமே கற்பிக்கிறது. அந்தப் பாடத்துக்கான ஆய்வுக்கூடமாக ஹவுள் இருந்தது. இன்று அப்பாடம் ஓதப்படுகிறது. ஆய்வுக்கூடம் பல ஊர்களில் மூடப்பட்டுவிட்டது. நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கும், அங்கிருந்து குழாய்க்கும் கண்ணில் படாமலே வந்துசேர்கிறது. வற்றும் நாள் வரை அது வற்றுகிறது என்று எவருக்கும் தெரியாது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகர் இதனைக் கண்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோதுதான், தாம் பருகிய நீர் எந்த ஏரியினது என்பதைப் பல குடும்பங்கள் அறிந்தன. செம்பரம்பாக்கம் என்ற பெயரை அவர்களுள் பலர் அதற்கு முன் கேட்டது 2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது. வெள்ளத்தில் ஒருமுறை, வறட்சியில் ஒருமுறை எனப் பேரிடர் வந்துதான் ஏரியின் பெயரைக் கற்பிக்க வேண்டும் என்றால், அந்தக் கல்விக்குக் கட்டணம் மிக அதிகம்.

இங்கே இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். அவற்றை ஒதுக்கிச் செல்வது திறனாய்வுக்கு அழகன்று.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கற்பிக்கப்படுகிறதே என்பது முதலாவது. உண்மை. 1991இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கல்வியைக் கட்டாயமாக்குமாறு பணித்தது. அதன் பின்னர்ப் பாடநூல்கள் பெருகின. அவற்றால் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தமிழ் மாணவர் நெடுங்காலமாகக் குறிஞ்சிப்பாட்டைப் பயின்று வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். கபிலர் அதில் தொண்ணூற்றொன்பது மலர்களைத் தொடுத்துள்ளார். அத்தொண்ணூற்றொன்பதையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளை மேடையில் கண்டு நாமும் பரிசளித்து மகிழ்ந்துள்ளோம். அவற்றுள் ஒன்பதை நேரில் காட்டினால் பெயர் சொல்வார் எத்தனை பேர்? பழைய உரைகளும் சிறிய அகராதிகளும் ‘ஒரு மலர்’, ‘ஒரு மரம்’, ‘ஒருவகைப் பூண்டு’ என்று எழுதியமைந்தன. அரபு அகராதியின் ‘மஃரூஃப்’ போன்றதே இதுவும். வாசகரின் பழக்கம் இட்டுநிரப்பும் என்ற நம்பிக்கையில் விடப்பட்ட இடைவெளி, இன்று வெறும் வெற்றிடமாகத் தெரிகிறது. பாடநூலும் அவ்வாறே. பழக்கம் என்னும் தரை இல்லாதபோது அது தரும் சொற்கள் ஒப்பிக்கும் சொற்களாகவே நின்றுவிடும்.

சீறாப்புராணம் பற்றிய ஒரு விவாதமும் இங்கே நினைவுக்கு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப்புலவர், நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்து மலைமழையும் ஆற்றுவெள்ளமும் நெல்வயலும் நிறைந்த மருதநிலமாகவே அதைக் காட்டினார். பாலைவனத்தில் வயல் ஏது என்று குறை கூறுவோர் உளர். அது தமிழ்க் காப்பிய மரபு என்று விடை கூறி அமைவோரும் உளர். இரண்டுக்கும் அப்பால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புலவர் தாம் கண்ணால் காணாத நாட்டைத் தம் காலடி அறிந்த நாட்டைக்கொண்டு பாடினார். மழை எங்கே பெய்து, எவ்வழி ஓடி, எதனை நிரப்பி, எப்பயிரை வளர்க்கும் என்னும் முறைவைப்பு அவர் நெஞ்சில் ஊறியிருந்தது. அவர் நூலைக் கேட்ட மக்கள் நெஞ்சிலும் ஊறியிருந்தது. அன்றைய வாசகர் அரபு நாட்டை அறியாவிடினும் வயலை அறிந்திருந்தார். இன்றைய வாசகர் பலர் பிழைப்பின்பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்று பாலைவனத்தை நேரில் கண்டவர். ஆயினும் அங்கே அராக்கையும் அறியவில்லை, இங்கே நாற்றங்காலையும் அறியவில்லை. அவர்க்கு நாட்டுப்படலத்தின் பிழையும் தெரியாது, அழகும் தெரியாது. இயற்கையறிவு தேய்ந்தால் இலக்கியச் சுவையும் கூடவே தேயும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பழையதை எல்லாம் போற்றிப் புதியதை எல்லாம் பழிக்கும் போக்கன்றோ இது என்பது இரண்டாவது தடை. நியாயமான கேள்வி. பழக்கம் கற்பிப்பதெல்லாம் சரியென்று நாம் கூறவில்லை. நரம்புச் சிலந்தி என்னும் நோயை எண்ணிப் பார்க்கலாம். படிக்கிணற்றிலும் குளத்திலும் இறங்கி நின்று நீர் முகந்து குடித்த பழக்கமே அந்நோயைப் பரப்பியது. காலில் புண்ணுடன் இறங்கியவரிடமிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளின் உடலில் வளர்ந்து, அந்நீரைப் பருகியவர் உடலுக்குள் சென்றன. தலைமுறை தலைமுறையாக அந்நீரோடு வாழ்ந்தவர்க்கு இது தெரியவில்லை. உருப்பெருக்கியும் நூலறிவுமே இதனைக் கண்டன. நீரைத் துணியால் வடிகட்டிக் குடித்தல், கிணற்றில் இறங்காதிருத்தல் ஆகிய புதுப் பழக்கங்களால் நோய் ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது. ஹவுளைவிடக் குழாய் தூய்மையானது என்று கருதி மாற்றிய ஊர்களும் நல்ல நோக்கத்தோடுதான் மாற்றின.

ஆனால் இந்த எடுத்துக்காட்டையே சற்று உற்று நோக்கினால் நம் கருத்துக்கு அரணாகவே அமைகிறது. நூலறிவு தனித்து நின்று அந்நோயை ஒழிக்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு குடத்தின் வாயிலும் துணி கட்டியபோதுதான் அது ஒழிந்தது. நூல் கண்டதைக் கை நாள்தோறும் செய்தது. கை செய்ததால் கண் நீரைப் புதிதாகப் பார்க்கக் கற்றது. நூலறிவும் பழக்கமும் இவ்வாறு கூடும்போதுதான் அதனை முழுமையான இயற்கையறிவு எனலாம். பழமைக்குத் திரும்புக என்பது நம் கோரிக்கையன்று. புதிய வசதி ஒன்றை ஏற்கும்போது, அது எந்த அறிவை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்று கேட்டு, அதற்கு ஈடு செய்துகொள்க என்பதே கோரிக்கை.

ஈடு செய்வது கடினமும் அன்று. பள்ளிவாசல் மேல்தொட்டியின் நீர்மட்டத்தையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் வாரந்தோறும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். ஹவுள் காட்டியதைப் பலகை காட்டும். மதரஸா மாணவர்க்கு முத்து பற்றிய ஹதீஸை ஓதிக்கொடுக்கும் நாளில், அந்த அளவு நீரை ஒரு கெண்டியில் ஊற்றிக் கொடுத்து வுளூச் செய்யச் சொல்லலாம். இதனை நாம் செய்து பார்த்திருக்கிறோம். முதல் நாளில் முகம் கழுவும்போதே பலருக்கு நீர் தீர்ந்துவிடும். சில நாள்களில் கால் கழுவிய பின்னும் மிஞ்சும். அந்த மாணவர்க்கு அதன்பின் அந்த ஹதீஸை விளக்க வேண்டிய தேவை இல்லை. ‘தல்உ, பலஹ், புஸ்ர், ருதப், தம்ர்’ என்னும் பேரீச்சையின் பருவங்களை ஓதும்போது, குரும்பை, இளநீர், தேங்காய், கொப்பரை எனத் தென்னையின் பருவங்களையும் அருகே வைத்துக் காட்டலாம். காய் சிவக்கும் அல்லது மஞ்சளிக்கும் முன் மரத்திலுள்ள பழத்தை விற்கலாகாது என்ற வணிகச் சட்டம், மரத்தை அறிந்தவருக்கே நீதியாகத் தோன்றும். அறியாதவருக்கு அது மனனம் செய்ய வேண்டிய மற்றொரு வாக்கியமே.

இல்லங்களில் செய்யத்தக்கவை இன்னும் எளியவை. நோன்புக் கஞ்சிக்குப் பிள்ளைகள் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்தனுப்பிய வழக்கம் எத்தனையோ ஊர்களில் இன்றும் இருக்கிறது. அது மங்காமல் காப்பது தாய்மார் கையில் உள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தும், அவை ஒழியாமைக்குக் காரணம் சட்டத்தின் குறை மட்டுமன்று. சட்டியைக் கழுவுபவர்க்குக் கஞ்சியின் மிச்சம் எங்கே போகிறதென்று தெரியும்; குவளையை எறிபவர்க்குத் தெரியாது. பாயும் அவ்வாறே. தாமிரபரணிக் கரையில் பத்தமடை முஸ்லிம் பெருமக்கள், கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, நுண்ணிய ஈர்க்குகளாகக் கிழித்துப் பாய் நெய்தனர். ஆற்றில் நீர் ஓடுகிறதா, தெளிந்திருக்கிறதா என்பது அவர்களுக்குச் செய்தித்தாளில் படிக்கும் செய்தியன்று. அந்தப் பாயில் மணமக்களை அமர்த்திய வீட்டாருக்கும் ஆற்றோடு ஓர் உறவு இருந்தது. நெகிழிப் பாயை விரிப்பவர்க்கு எந்த ஆற்றோடும் உறவில்லை.

உகாவைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லுதல் தகும். மிஸ்வாக்குக்காக வேரைத் தோண்டினால் மரம் நலியும். எனவே இக்கட்டுரையைப் படித்தவர்கள் கடலோரத்துக்கு மண்வெட்டியோடு செல்ல வேண்டாம். பிள்ளைகளோடு செல்க. இலையைக் காட்டுக, கசக்கி முகரச் செய்க, கனியின் பருவமானால் கறுத்ததைத் தேடச் சொல்க. அண்ணலார் அவர்கள் தம் தோழர்க்குக் கற்பித்த பாடம் அதுவே. இயன்றோர் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் உகாவும் ஓர் இலந்தையும் நட்டு, அரபிலும் தமிழிலும் பெயர் எழுதி வைக்கலாம்.

ஸபா நாட்டார் வரலாறு திருமறையில் வருகிறது. அணை உடைந்து அவர்களுடைய இரு தோட்டங்களும் அழிந்தபின், ‘கம்த்’, ‘அஸ்ல்’, சிறிது ‘ஸித்ர்’ ஆகியவையே அங்கு எஞ்சின என்று அம்மறை கூறும். கம்த் என்பது அராக்கே எனத் தஃப்ஸீர் அறிஞர் பலர் உரைப்பர். வளம் குன்றிய மண்ணில் எந்த மரம் எஞ்சும் என்பதை முதலில் கேட்ட மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே மரங்களின் பெயர்களைக் கேட்டவுடனே அந்நாட்டின் அழிவு அவர்கள் கண்முன் விரிந்திருக்கும். அதனை ஓதும் நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறு விரிய வேண்டுமானால், அம்மரங்கள் அவர்களுக்கு ‘மஃரூஃப்’ ஆக வேண்டும். அப்பொறுப்பை அகராதியின்மீது சுமத்திவிட்டு ஆசிரியரும் பெற்றோரும் ஒதுங்கியிருத்தல் ஆகாது. அல்லாஹ் அதற்குரிய மனத்தையும் நேரத்தையும் நம் குடும்பங்களுக்கு அருள்வானாக!